வெள்ளி ரூபாய் முதல் 925 முத்திரை வரை: வெள்ளி நகையின் தூய்மை வரலாறு

அறிமுகம்

தாம்பரம் சண்முகம் சாலையிலோ, குரோம்பேட்டை, பல்லாவரம் கடைவீதிகளிலோ வெள்ளி நகை வாங்கச் செல்பவர்கள் இன்று '925' என்னும் எண்ணை அடிக்கடி காண்கிறார்கள். மோதிரத்தின் உட்புறத்திலும் சங்கிலியின் கொக்கியிலும் அது பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எண் எதைக் குறிக்கிறது? எங்கிருந்து வந்தது? இது இல்லாத காலத்தில் நம் முன்னோர் வெள்ளியின் தூய்மையை எப்படி அறிந்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை காண்பதும், அந்த அறிவைக் கொண்டு வெள்ளி நகையை வாங்கும் முறையையும் காக்கும் முறையையும் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. நான் பி.எட். படிப்பில் சேர்ந்தபோது கட்டணத்துக்காக என் தாயார் இரண்டு வெள்ளி நகைகளை விற்றார். ஒன்று, என் பாட்டி காலில் அணிந்திருந்த கனத்த தண்டை. மற்றொன்று, அம்மா தம் திருமணத்துக்குப் பின் கடையில் வாங்கிய கொலுசு. கடைக்காரர் இரண்டையும் உரைத்துப் பார்த்தார். தண்டைக்கு எடையில் சிறிதளவே கழித்தார். கொலுசுக்கு ஏறக்குறையப் பாதியைக் கழித்தார். அம்மா காரணம் கேட்டபோது, "அம்மா, தண்டை ரூபாய் வெள்ளி, கொலுசு கடை வெள்ளி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரிக்குள் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

வெள்ளி என்னும் சொல்

வெண்மை நிறத்தால் வெள்ளி என்னும் பெயர் வந்தது. விடியற்காலையில் ஒளிரும் கோளுக்கும் அதன் பெயரால் அமைந்த கிழமைக்கும் தமிழில் இதே பெயர்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் தங்கள் நாட்டுப் பணத்தையே 'வெள்ளி' என்று வழங்குகிறார்கள். நாம் வழங்கும் 'ரூபாய்' என்னும் சொல்லும் வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்யம்' என்னும் வடசொல்லிலிருந்து வந்ததே. ஆக, வெள்ளியும் பணமும் நம் மொழியில் நெடுங்காலமாகப் பிரிக்க முடியாதவை. வெள்ளி நகையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

கடல் கடந்து வந்த உலோகம்

தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்க வெள்ளிச் சுரங்கம் எதுவும் இல்லை. இன்று இந்தியாவில் கிடைக்கும் வெள்ளியின் பெரும்பகுதி இராஜஸ்தானத்தில் துத்தநாகம், ஈயம் ஆகியவற்றின் தாதுக்களிலிருந்து துணைப்பொருளாகப் பிரிக்கப்படுகிறது. பழங்காலத்தில் தமிழகத்துக்கு வெள்ளி பெரும்பாலும் வணிகத்தின் வழியாகவே வந்தது. மதுரைக்கு அருகிலுள்ள கீழடி, தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் போன்ற இடங்களில் முத்திரை குத்தப்பட்ட வெள்ளி நாணயங்கள் கிடைத்துள்ளன. கொங்குப் பகுதியில் கரூர், பொள்ளாச்சி ஆகிய ஊர்களின் சுற்றுவட்டாரத்தில் ரோமானியரின் 'தெனாரியஸ்' என்னும் வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவின் பொட்டோசி மலையிலும் வெட்டப்பட்ட வெள்ளி, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது. துணியும் மிளகும் போயின, வெள்ளி வந்தது.

வந்த வெள்ளியை அளப்பதிலும் பதிவதிலும் நம்மவர் கண்டிப்பாக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் கொடுத்த பொன், வெள்ளிக் கலங்கள் ஒவ்வொன்றாக எடையுடன் குறிக்கப்பட்டுள்ளன. பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லின் பெயர் 'ஆடவல்லான்'. கொடுத்த பொருள் என்ன, எவ்வளவு, எந்தக் கல்லால் நிறுத்தது என்பதை ஊரறியச் சுவரில் வெட்டி வைத்தது ஒருவகையில் அக்காலத்து முத்திரை எனலாம். பொன்னின் தரத்தை உரைகல்லில் தேய்த்து 'மாற்று' என்னும் அளவால் சொன்னார்கள். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நல்ல மனிதரைப் புகழ்வது அந்த வழக்கின் எச்சம்.

ஸ்டெர்லிங் வெள்ளி

தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் மோதிரமோ கொலுசோ செய்தால் எளிதில் வளையும், தேயும். ஆகவே உறுதிக்காகச் சிறிது செம்பு கலப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு பிற உலோகமும் (பெரும்பாலும் செம்பு) சேர்ந்த கலவைக்கு 'ஸ்டெர்லிங்' வெள்ளி என்று பெயர். 925 என்னும் எண் இதையே குறிக்கிறது.

இது இங்கிலாந்தின் பழைய நாணயத் தரம். கி.பி. 1300இல் முதலாம் எட்வர்டு அரசர் காலத்துச் சட்டம், வெள்ளிப் பொருள்கள் ஸ்டெர்லிங் தரத்துக்குக் குறையக் கூடாது என்றும், சோதித்தபின் சிறுத்தைத் தலை முத்திரை இடவேண்டும் என்றும் விதித்தது. பின்னர் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே பொருள்களைக் கொண்டுவந்து முத்திரை பெறும் முறை ஏற்பட்டது. மண்டபத்தை ஆங்கிலத்தில் 'ஹால்' என்பர். அங்கு இட்ட முத்திரைதான் 'ஹால்மார்க்'. 1697 முதல் 1720 வரை அங்கு வெள்ளிப் பொருள்களுக்கு 958 என்னும் உயர்ந்த தரம் கட்டாயமாக இருந்தது. நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்கவே அப்படிச் செய்தார்கள். நாணயமும் நகையும் ஒரே தரத்தில் இருந்தால் ஒன்றை உருக்கி மற்றொன்றைச் செய்வது எளிது என்பதை இதிலிருந்து அறியலாம். நம் நாட்டில் நடந்ததும் அதுதான்.

சென்னையும் வெள்ளி ரூபாயும்

சென்னை மாகாணத்தில் முன்பு வராகன் என்னும் பொற்காசே முதன்மையாக இருந்தது. 1818இல் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளி ரூபாயை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக்கியது. 180 கிரெயின் எடையில் 165 கிரெயின் தூய வெள்ளி, அதாவது 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த அளவே கம்பெனி ஆட்சியின் கீழிருந்த பகுதிகள் முழுமைக்கும் பொதுவாயிற்று.

இன்றைய கணக்கில் அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதிலுள்ள தூய வெள்ளி 10.69 கிராம். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916 பங்கு தூய்மை. தங்க நகைக் கடைகளில் நாம் அன்றாடம் கேட்கும் '916' அல்லவா இது! வியப்பில்லை. ஆங்கிலேயரின் 'சாவரின்' பொற்காசும் இதே 12க்கு 11 என்னும் விகிதத்தில் அடிக்கப்பட்டது. அந்தக் காசின் எடையே நம் 'பவுன்' ஆயிற்று. தங்கத்துக்குப் பவுன்காசு எப்படியோ, வெள்ளிக்கு ரூபாய்க்காசு அப்படி. 925 தரத்துக்கும் ரூபாயின் தரத்துக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.

ரூபாய் வெறும் பணமாக மட்டும் இருக்கவில்லை. எடைக்கல்லாகவும் அதுவே இருந்தது. ஒரு ரூபாய் எடை ஒரு தோலா. 3 தோலா ஒரு பலம். 40 பலம், அதாவது 120 ரூபாய் எடை, ஒரு வீசை. காய்கறியையும் புளியையும் வீசைக் கணக்கில் வாங்கிய நம் பாட்டிமார் அறிந்தோ அறியாமலோ வெள்ளி ரூபாயால்தான் நிறுத்து வாங்கினார்கள்.

சென்னையின் நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. ஆனால் அது இருந்த தெரு இன்றும் 'தங்கசாலைத் தெரு' என்றே அழைக்கப்படுகிறது. அதையொட்டிய சௌகார்பேட்டைப் பகுதி இன்றும் வெள்ளி மொத்த வியாபாரத்தின் மையமாக இருக்கிறது. 1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், புறநகர் மக்களுக்கு அந்தக் கடைவீதி அருகில் வந்துவிட்டது.

ரூபாய் கொலுசானது

அக்காலத்தில் வெள்ளி நகை செய்யும் முறை எளிமையானது. சேர்த்து வைத்த ரூபாய்களை ஊர்ப் பத்தரிடம் எண்ணிக் கொடுப்பார்கள். அவர் அவற்றை உருக்கித் தண்டை, காப்பு, கொலுசு, அரைஞாண் கொடி, மெட்டி என்று செய்து தருவார். கூலியும் சேதாரமும் போக, கொடுத்த எடைக்கு நகை வரவேண்டும். என் பாட்டியின் தண்டை 40 ரூபாயை உருக்கிச் செய்தது என்று வீட்டில் சொல்வார்கள். 40 ரூபாய் என்றால் 466 கிராம். அதில் தூய வெள்ளி 427 கிராமுக்கு மேல். படிக்காத பெண்களும் தங்கள் நகையின் தூய்மையை அறிந்திருந்ததற்குக் காரணம் இதுதான்: தூய்மையை அரசு காசிலேயே உறுதிசெய்திருந்தது. பத்தர் செம்பு கலந்தாரா என்று ஐயம் வந்தால், ஒரு ரூபாயை உரைகல்லில் உரைத்துப் பக்கத்தில் நகையை உரைத்துப் பார்க்கலாம். ஒப்பிடுவதற்கான அளவுகோல் எல்லார் முந்தானை முடிச்சிலும் இருந்தது.

பொன்னைக் காலில் அணிவதில்லை என்னும் வழக்கத்தால் கால் அணிகள் எல்லாம் வெள்ளியாக இருந்தன. ஏழை வீடுகளில் பெண்ணின் சேமிப்பே அவள் காலில்தான் இருந்தது. 1876–78இல் தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது அந்தச் சேமிப்பு வெளியே வந்தது. பஞ்சம் பாதித்த பகுதிகளிலிருந்து பெருமளவு வெள்ளி நகைகள் விற்கப்பட்டுப் பம்பாய் நாணயச்சாலைக்கு உருக்குவதற்காகச் சென்றன. சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்ஹாம் கால்வாயின் இணைப்புப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதும் அதே காலத்தில்தான். கூலிக்கு மண் சுமந்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்பே தங்கள் காப்பையும் தண்டையையும் விற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

1893 வரை யாரும் வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் போக, அதே அளவுக்கு ரூபாயாகப் பெறலாம். உலகச் சந்தையில் வெள்ளி விலை வீழ்ந்துகொண்டே வந்ததால், அவ்வாண்டு ஜூனில் அரசு இந்த வழியை அடைத்தது. அதன்பின் காசிலுள்ள வெள்ளியின் விலை குறைந்தாலும் காசுக்கு மதிப்பு குறையவில்லை. நகையிலுள்ள வெள்ளிக்கு மட்டும் மதிப்பு குறைந்தது. காசாக வைத்திருந்தவர் தப்பினார். காப்பாக வைத்திருந்தவர் இழந்தார். எனினும் தூய்மையைப் பற்றிய நம்பிக்கை அப்போதும் குலையவில்லை.

சென்னையின் 'சுவாமி' வெள்ளி

இதே காலத்தில் சென்னையில் வேறொரு வகை வெள்ளி வேலையும் புகழ்பெற்றது. மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கடிகாரங்களோடு நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் விற்றது. கோயில் சிற்பங்களில் காணும் தெய்வ உருவங்களைத் தேநீர்க் குவளைகளிலும் தட்டுகளிலும் புடைத்தெழச் செய்த வேலைப்பாட்டுக்கு 'சுவாமி' பாணி என்று பெயர். 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்த பயணத்தின்போது இப்பாணியில் அமைந்த தேநீர்க்கலத் தொகுதி அவருக்குச் சேர்ந்தது. வேலை செய்த கைகள் நம் கைவினைஞர்களுடையவை. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இங்கிலாந்தில் வெள்ளிப் பொருளுக்குச் சட்டப்படி ஹால்மார்க் கட்டாயமாக இருந்த அதே காலத்தில், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் அத்தகைய சோதனை முறை ஏற்படுத்தப்படவில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரைத் தாங்களே பொறித்துக்கொண்டன. சாதாரண மக்களுக்கு ரூபாய்க்காசே முத்திரை.

அளவுகோல் மறைந்த ஆண்டு

இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1940இல் ரூபாயின் வெள்ளி 916 பங்கிலிருந்து 500 ஆகக் குறைக்கப்பட்டது. மீதியில் 400 பங்கு செம்பும், நிக்கலும் துத்தநாகமும் ஐம்பது ஐம்பதும் சேர்ந்தன. பழைய வெள்ளி ரூபாய்கள் அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகப் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. 1947இல் ரூபாய் முழுக்க நிக்கலாகிவிட்டது.

நாணய வரலாற்று நூல்களில் இது ஒரு சிறு செய்தி. ஆனால் வெள்ளி நகை அணிந்த குடும்பங்களுக்கு இதனால் பெரிய இழப்பு. அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் இருந்த தூய்மை அளவுகோல் காணாமற் போயிற்று. அதன் இடத்தில் வேறொன்று உடனே வரவில்லை. வெள்ளிக்கு ஹால்மார்க் முறை இந்தியாவில் 2005இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட 65 ஆண்டுகள் வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கிய காலம். என் தாயாரின் 'கடை வெள்ளி'க் கொலுசு அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது.

சேலத்துக் கொலுசும் 'டச்' கணக்கும்

தமிழ்நாட்டில் கொலுசு என்றதும் நினைவுக்கு வரும் ஊர் சேலம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் முதலிய பகுதிகளில் வீட்டுத் தொழிலாகவே கொலுசு செய்கிறார்கள். உருக்குதல், கம்பி இழுத்தல், வளையம் கோத்தல், சலங்கை வைத்தல், பொடி வைத்துப் பற்றவைத்தல், மெருகிடுதல் என்று ஒரு கொலுசு பல கைகள் மாறிக் கடைக்கு வருகிறது. சென்னைப் புறநகர்க் கடைகளில் தொங்கும் கொலுசுகளில் பல இப்படி வந்தவையே.

வெள்ளி வியாபாரத்தில் தூய்மையை 'டச்' என்று சொல்வார்கள். 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. குறைந்த டச்சில் நகை செய்வது தன்னளவில் குற்றமன்று. உறுதிக்காகவும், எல்லாரும் வாங்கத்தக்க விலைக்காகவும் அப்படிச் செய்கிறார்கள். மேலும், கொலுசில் பற்றவைப்பு இடங்கள் மிகுதி. பற்றவைக்கும் பொடியில் வெள்ளி குறைவு. ஆகவே நல்ல வெள்ளியில் தொடங்கினாலும் முடிந்த கொலுசின் சராசரித் தூய்மை சற்றுக் குறையும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 80 டச் நகையை முழு வெள்ளி விலைக்கு விற்கும்போதுதான்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் எடையுள்ள கொலுசு 925 தரம் என்றால் அதில் 92.5 கிராம் வெள்ளி. அதே கொலுசு உண்மையில் 80 டச் என்றால் 80 கிராம். 12.5 கிராம் வெள்ளியின் விலையை வாங்குபவர் வீணாகக் கொடுக்கிறார். வாங்கும்போது இந்த இழப்பு தெரியாது. பல ஆண்டு கழித்து, அவசரத்துக்கு விற்கும்போதோ அடகு வைக்கும்போதோதான் தெரியும். அதாவது, பணம் மிகவும் தேவைப்படும் நாளில்.

இன்றைய முத்திரையைப் படிக்கும் முறை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கு வகுத்துள்ள தரம் ஐ.எஸ். 2112. அமைவனத்தின் தென் மண்டல அலுவலகம் நம் தென்சென்னையில், தரமணியில்தான் இருக்கிறது. 2025இல் திருத்தப்பட்ட தரத்தின்படி 800, 835, 925, 958, 970, 990, 999 என ஏழு தூய்மைகள் ஏற்கப்பட்டுள்ளன. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறியீடு வழங்கப்படுகிறது. முறையான ஹால்மார்க்கில் மூன்று பகுதிகள் இருக்கும்:

1. முக்கோண வடிவத் தர முத்திரையும் 'சில்வர்' என்னும் சொல்லும்
2. 925 போன்ற தூய்மை எண்
3. ஆறு எழுத்தெண் குறியீடு

இந்தக் குறியீட்டைப் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். தங்கத்துக்குப் போல வெள்ளிக்கு இம்முறை கட்டாயம் ஆக்கப்படவில்லை. கடைக்காரர் விரும்பினால் பெறலாம். ஆகவே '925' என்று எண் மட்டும் இருந்தால் அது செய்தவர் தாமே பொறித்துக்கொண்டதாக இருக்கலாம். அது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது மனிதர் சோதித்தார் என்பதற்கு அது சான்றும் ஆகாது. 'ஜெர்மன் சில்வர்' என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. சிலருக்கு நிக்கலால் தோலில் அரிப்பும் உண்டாகும்.

எந்த நகை வாங்கினாலும் எடை, தூய்மை, செய்கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

வெள்ளி அடகும் இப்போது ஒழுங்குக்குள் வருகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள் தங்கத்தோடு வெள்ளி நகைக் கடனையும் உள்ளடக்கியவை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1க்குள் இவற்றைப் பின்பற்ற வேண்டும். இவற்றின்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகையையும் 500 கிராம் வரை வெள்ளி நாணயத்தையும் ஈடாக வைக்கலாம். கடன் பெறுபவர் முன்னிலையிலேயே தூய்மையைச் சோதித்து, எடையும் கழிவும் எழுதிய சான்று கொடுக்க வேண்டும் என்பது முக்கியமான விதி.

பழைய நாணயத்தைச் சோதித்தல்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருள்களோடு பழைய காசுகளும் விரித்து வைக்கப்பட்டிருக்கும். 'வெள்ளி ரூபாய்' என்று சொல்லப்படுவது உண்மையா என்று அறிய மாணவர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஆர்க்கிமிடீஸ் தத்துவமே அதன் அடிப்படை.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு மின்னணுத் தராசில் முதலில் காசை நிறுக்க வேண்டும். தேயாத ரூபாய் என்றால் 11.66 கிராம் காட்டும். பிறகு ஒரு கிண்ணத்தில் நீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து அளவைச் சுழியமாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இந்த எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 916 வெள்ளி ரூபாய்க்கு அது சுமார் 10.3, ஜெர்மன் சில்வருக்கு 8.7 அளவில் இருக்கும். உள்ளே காற்றுள்ள கொலுசுக்கும் கல் பதித்த நகைக்கும் இச்சோதனை பொருந்தாது.

காந்தம் வெள்ளியை இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் செம்பையும் பித்தளையையும்கூட அது இழுக்காது. ஆகவே காந்தம் ஒட்டினால் வெள்ளியில்லை என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சொல்ல முடியாது.

வெள்ளி ஏன் கறுக்கிறது?

வெள்ளி கறுத்தால் போலி என்று பலர் நினைக்கிறார்கள். சிலர் அணிந்தவருக்கு உடம்பில் சூடு என்பார்கள். இரண்டும் சரியல்ல. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் கருமையான படலத்தை உண்டாக்குகின்றன. தூய வெள்ளியும் கறுக்கும். ஸ்டெர்லிங் வெள்ளியில் செம்பு இருப்பதால் சற்று விரைவாகக் கறுக்கும்.

நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். கடலோர ஈரப்பதம் கறுப்பதை விரைவுபடுத்தும். கழிவுநீர் தேங்கும் இடங்களிலும் சதுப்புச் சேற்றிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகிறது. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டைப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுநாளாகப் பெயர் பெற்றது. தோலிலிருந்து மயிரை நீக்கப் பயன்படுவதும் ஒரு சல்பைடு உப்புதான். வீட்டுக்குள்ளும் கந்தகம் உண்டு: முட்டை, வெங்காயம், கம்பளித் துணி, ரப்பர் வளையம். ஒருமுறை நான் இரண்டு வெள்ளிக் கிண்ணங்களை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வளையம் பட்ட இடத்தில் கரிக்கோடு போட்டதுபோல் இருந்தது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள் என்று வகுப்பில் சொன்னதை வீட்டில் மறந்திருக்கிறேன்!

காக்கும் முறைகள்

அடிக்கடி அணிவதே முதல் பாதுகாப்பு. அன்றாட உரசலில் படலம் சேர இடமில்லை. குளிக்கும்போதும் துணி வெளுக்கும்போதும் கழற்றி வைக்க வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் வெளுப்புத்தூளில் உள்ள குளோரினும் வெள்ளிக்கு ஆகா. வாசனைத் தைலம் பூசி உலர்ந்தபின் நகையை அணியலாம்.

கழுவுவதற்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீரோ, மென்மையான சோப்பு நீரோ போதும். மென்துணியால் ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாத உறையில் ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக வைக்க வேண்டும். கூடவே ஒரு சுண்ணக்கட்டித் துண்டை வைத்தால் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆசிரியர் வீட்டில் அதற்குப் பஞ்சமிராது.

விபூதியால் வெள்ளி விளக்கு துலக்குவது நம் பழைய வழக்கம். நயமான தூள் என்பதால் கனத்த பாத்திரத்துக்கு அது தீங்கில்லை. ஆனால் தேய்த்துத் துலக்கும் எந்த முறையும் கறுப்போடு சிறிது வெள்ளியையும் எடுத்துவிடும். பற்பசையில் உள்ள சொரசொரப்பான துகள் மெருகில் கீறல் விழச் செய்யும். புளி பித்தளைக்கு நல்லது. வெள்ளியின் சல்பைடு படலத்தை அது கரைக்காது.

வெள்ளியை இழக்காமல் கறுப்பை நீக்கும் வழி ஒன்றுண்டு. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடாவும் உப்பும் ஒவ்வொரு கரண்டி போட்டு, சுடுநீர் ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் கறுப்பு மறையும். வெள்ளியோடு சேர்ந்திருந்த கந்தகத்தை அலுமினியம் எடுத்துக்கொள்ள, வெள்ளி நகையிலேயே திரும்பப் படிகிறது. நாற்றம் வரும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். முத்து, கல் பதித்தவை, அரக்கு வைத்தவை, அழகுக்காகவே கறுப்பேற்றிய 'ஆக்சிடைஸ்டு' நகைகள் ஆகியவற்றுக்கு இம்முறை கூடாது.

வீடு தேடி வந்து மெருகு போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் நகையைக் கொடுக்க வேண்டாம். அமிலத்தில் முக்கினால் நகை பளபளக்கும். கரைந்த உலோகம் அவர்கள் பாத்திரத்தில் தங்கிவிடும். யாரிடம் மெருகுக்குக் கொடுத்தாலும் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நிறுத்துப் பார்ப்பது நம் உரிமை.

முடிவுரை

பாட்டியின் தண்டை ஏமாற்றாததற்கு அவர் கெட்டிக்காரர் என்பது மட்டும் காரணமில்லை. அவர் கையிலிருந்த காசிலேயே தூய்மை உறுதிசெய்யப்பட்டிருந்தது. அம்மாவின் கொலுசு ஏமாற்றியதற்கு அவர் கவனக்குறைவும் காரணமில்லை. பழைய அளவுகோல் போய், புதிய அளவுகோல் வராத காலத்தில் அவர் வாங்கினார். இன்று மீண்டும் ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. அது கட்டாயம் ஆகும்வரை, கேட்டு வாங்குபவருக்குத்தான் அது பயன்படும். அடுத்தமுறை பேத்திக்குக் கொலுசு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதை நகையோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.